பேரம் பேசாமல் வாங்கிய கார்

போன வாரம் திருச்சியிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, சிட்ரோன் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். விலை படியுது, ஓட்டியும் பார்த்துட்டேன். ஆனா ஆபீஸ்ல எல்லாரும் அந்த பிராண்டே இருக்குமான்னு கேக்கறாங்க. நீங்கதான் அந்த லைன்ல இருக்கீங்களே, சொல்லுங்க."

அந்த லைனில் இருக்கிறேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மிச்சிகனில் டிராய் என்கிற ஊரில், கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்புச் சட்டங்களை வரைந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கார் கம்பெனிக்குத் தும்மல் வந்தால் எங்களுக்கு நிமோனியா வரும், அந்த அளவுக்கு உறவு. ஆனால் எந்த பிராண்ட் பிழைக்கும் என்று நான் சொன்ன ஜோசியம் ஒருமுறை நன்றாகவே பொய்த்திருக்கிறது. அதை அவனிடம் போனில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

2008 டிசம்பர். ஜெனரல் மோட்டார்ஸ் கையில் காசு தீர்ந்து வாஷிங்டனில் போய் நின்ற மாதம். எங்கள் பார்க்கிங்கில் வண்டிகள் வாராவாரம் குறைந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் யாருடைய மேசைப் பக்கம் நடந்தாலும் மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். விசாவில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக. சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது. ஜிஎம்மிடம் அமெரிக்காவில் எட்டு பிராண்டுகள்: செவர்லே, பான்டியாக், பியூக், காடிலாக், ஜிஎம்சி, சாட்டர்ன், சாப், ஹம்மர். எதை வைக்கலாம், எதை விடலாம்? ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். தோற்றவர் எல்லோருக்கும் ஒரு நாள் பீட்ஸா வாங்கித் தர வேண்டும்.

என் பட்டியலில் செவர்லே, காடிலாக், சாட்டர்ன் மூன்றும் தப்பித்தன. மற்ற ஐந்துக்கும் கோடு போட்டேன். செவர்லேயும் காடிலாக்கும் யார் போட்டாலும் வந்திருக்கும். சாட்டர்னை வைத்தது என் பாசம்.

2002-இல் நான் வாங்கிய முதல் புது வண்டி அது, எஸ்எல்1. மதுரைக்காரன் நான். புதுமண்டபத்தில் ஒரு குடம் வாங்கினால்கூட பாதி விலையிலிருந்து ஆரம்பிக்கிற வீட்டில் வளர்ந்தவன். கார் வாங்கப் போகிறோமே என்று முந்தின நாள் ராத்திரி முழுக்க மனசுக்குள் பேரம் பேசிப் பழகிக்கொண்டு போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே, ஒட்டியிருக்கிற விலைதான் விலை, யார் வந்தாலும் அதேதான் என்றார். 12,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். என் தயாரிப்பு அத்தனையும் வீண். சாவி கொடுக்கும்போது கடையில் இருந்த அத்தனை பேரும் வந்து கைதட்டி, வண்டியோடு நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். ஊருக்கு போட்டோ அனுப்பினேன். அம்மா முதலில் கேட்டது, "எவ்வளவு குறைச்சே?" ஒன்றும் குறைக்கவில்லை என்றதும் போனில் நெடுநேரம் சத்தமில்லை.

கதவும் பக்கத் தகடுகளும் பிளாஸ்டிக். கடை வாசலில் தள்ளுவண்டி வந்து மோதினால் துள்ளிக்கொண்டு போய்விடும், ஒரு சொட்டை விழாது. இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். நாலைந்து வருடத்தில் மற்ற வண்டிகளின் கதவடி எல்லாம் துரு தின்று ஓட்டை விழும்போது என் கதவு மட்டும் புதுப்பெண் மாதிரி இருந்தது.

சாட்டர்ன் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பாசம் புரியும். ஜப்பான் சின்னக் கார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 1985-இல் ஜிஎம் தனிக் கம்பெனியாகவே தொடங்கியது. டென்னசியில் ஸ்பிரிங் ஹில் என்ற ஊரில் தனித் தொழிற்சாலை, தொழிற்சங்கத்தோடு தனி ஒப்பந்தம், தனிக் கடைகள். முதல் கார் வந்தது 1990-இல். 1994-இல் வண்டி வைத்திருப்பவர்களை எல்லாம் தொழிற்சாலைக்கு வரச் சொல்லி அழைத்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் குடும்பத்தோடு போனார்கள். காரைப் பெற்ற ஊருக்கு, குலதெய்வக் கோவிலுக்குப் போவதுபோல.

அப்புறம் அதற்குச் சோறு போடவில்லை, அவ்வளவுதான். ஜிஎம்மின் மற்ற பிரிவுகளுக்கு இந்தச் செல்லப்பிள்ளை மேல் பொறாமை. முதலீட்டுக்குப் பணம் கேட்டால் வரிசையில் கடைசி. 1990-இல் வந்த அதே அடிப்படைக் காரை மேல்பூச்சு மாற்றி 2002 வரைக்கும் விற்றார்கள். நான் வாங்கியது அதன் கடைசி வருட வண்டி. பிறகு ஒருநாள் விழித்துக்கொண்டு புது வண்டிகள் கொடுத்தார்கள், ஆனால் எப்படி? ஜார்ஜியாவில் டோராவில் என்ற ஊரின் தொழிற்சாலையில் ஒரே வேன் நாலு பெயரில் வெளியே வந்தது: செவர்லே அப்லேண்டர், பான்டியாக் மொன்டானா, பியூக் டெராசா, சாட்டர்ன் ரிலே. முன்னால் இருக்கிற கிரில்லை மாற்றினால் போதும். ஒரே மாவில் நாலு அச்சு முறுக்கு. எங்கள் மேசையிலும் அப்படித்தான்: ஒரே வரைபடம், வாடிக்கையாளர் பெயர் இருக்கும் கட்டத்தில் மட்டும் நாலு வரி.

ஆக, சாட்டர்னை 2009-இல் கொன்றார்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2005-இல் அந்த வேனில் பெயர்ப்பலகை ஒட்டியபோதே ஆயிற்று. பழைய வாடிக்கையாளர் உள்ளே வந்து பார்த்தால் செவர்லே கடையில் இருக்கிறதேதான் இங்கேயும். கைதட்டலுக்காக மட்டும் எத்தனை பேர் வருவார்கள்?

இதன் வேர் நல்ல விதையிலிருந்துதான் வந்தது. 1920-களில் ஜிஎம் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் போட்ட ஏணி: செவர்லேயில் ஏறி, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று சம்பளம் கூடக்கூட மேலே போய், காடிலாக்கில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒரு கார். அந்த ஏணியை வைத்துத்தான் ஃபோர்டை முந்தினார்கள். படிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தவரை அது ஏணி. எல்லாப் படியும் ஒரே உயரத்துக்கு வந்தபிறகு வெறும் பலகைதானே.

தெரிந்தும் ஏன் வெட்டவில்லை என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் யாராவது கேட்பார்கள். பதில், டீலர்கள். பிராண்டை நிறுத்துவது சட்டைப் பித்தானைக் கழற்றுகிற வேலை இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் டீலரைக் காப்பாற்றும் சட்டம் உண்டு. 2000 டிசம்பரில் ஓல்ட்ஸ்மொபைலை மூடப்போவதாக அறிவித்தார்கள். 1897-இல் தொடங்கிய பெயர். கடைசி வண்டி லான்சிங்கில் 2004 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. டீலர்களுக்கு இழப்பீடாக மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் போயிற்று. அதைவிட வலித்தது, ஓல்ட்ஸ்மொபைல் ஓட்டியவர்கள் பியூக் கடைக்கு வருவார்கள் என்று போட்ட கணக்கு. நிறையப் பேர் ஜிஎம்மை விட்டே போய்விட்டார்கள். ஒருமுறை சூடுபட்ட பூனை. திவாலானால்தான் அந்த ஒப்பந்தங்களை முறிக்க முடியும் என்ற நிலை. 2009 ஜூன் 1 திவால் மனு போட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே சுமார் 1,100 டீலர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தகவல் போயிருந்தது.

அந்த 2009 ஏப்ரல் கடைசியில் பான்டியாக் போகிறது என்ற செய்தி வந்த அன்று, என் எதிர்மேசைக்காரர் பேசவேயில்லை. அவர் பிறந்ததே பான்டியாக் என்ற ஊரில், எங்கள் ஆபீஸிலிருந்து அரை மணி நேரம். அப்பா அங்கே தொழிற்சாலையில் இருந்தவர். வீட்டு கராஜில் ஒரு பழைய பான்டியாக் ஃபயர்பேர்டு. பான்டியாக் ஜி8 என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கார் அருமையான கார், ஆனால் வந்தது 2008-இல். தீபாவளி முடிந்து வந்த பட்டாசு. அவர் பட்டியலில் பான்டியாக் முதலிடத்தில் இருந்தது. நான் அதற்குக் கோடு போட்டிருந்தேன், சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனாலும் அன்றைக்கு அதைச் சொல்லிக்காட்ட மனசு வரவில்லை.

எனக்கு எங்கே தப்பியது? பியூக், ஜிஎம்சி, சாட்டர்ன் மூன்றிலும். முதல் இரண்டும் பிழைத்தன, சாட்டர்ன் போயிற்று.

பியூக்கை நான் தாத்தா கார் என்று தள்ளினேன். இங்கே தேவாலயத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிற்பது அதுதான். ஆனால் ஷாங்காயில் அது முதலாளி கார். அமெரிக்காவில் விற்றதைப்போல இரண்டு மடங்கு 2008-இல் சீனாவில் விற்றிருந்தது. பிறந்த ஊரில் மூடினால் அங்கே மதிப்பு என்னாகும்? மிச்சிகனில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தவனுக்குத் தெரியவில்லை.

ஜிஎம்சி விஷயம் இன்னும் வேடிக்கை. அதே செவர்லே டிரக், வேறு முகம். நான் முறுக்கு என்று திட்டிய அதே வேலை. ஆனால் அந்த முகத்துக்கு ஜனங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்தார்கள், டெனாலி என்ற சொகுசு ரகமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. உண்டாக்கச் செலவு கொஞ்சம், லாபம் அதிகம், ஒரே கூரையின் கீழ் பியூக் டீலருக்குப் பிழைப்பு. பிராண்டுக்கு ஆன்மா வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில பிராண்டுக்கு கிரில் போதும்.

சாட்டர்னுக்குக் கடைசியில் ஒரு மாப்பிள்ளை கிடைத்தார். ரோஜர் பென்ஸ்கி, பெரிய டீலர், பந்தயக் கார் அணி வைத்திருப்பவர். கடைகளையும் பெயரையும் எடுத்துக்கொள்வார். கொஞ்ச காலம் ஜிஎம் வண்டி செய்து தரும், பிறகு வேறு கம்பெனி. அந்த வேறு கம்பெனி ரெனோ. 2009 செப்டம்பர் 30 அன்று ரெனோவின் இயக்குநர்கள் மறுத்துவிட்டார்கள் என்று செய்தி. பந்தி விரித்து இலை போட்டாயிற்று, சமைக்க ஆள் இல்லை. ஹம்மரை வாங்க வந்த சீனக் கம்பெனியும் அடுத்த பிப்ரவரியில் கைவிட்டது. சாப் மட்டும் ஒரு சின்ன டச்சுக் கம்பெனிக்குப் போய், 2011 கடைசியில் திவாலானது. பீட்ஸா நான்தான் வாங்கினேன். சாப்பிட மேசையில் பாதிப் பேர்தான் இருந்தார்கள்.

இப்போது அக்கா மகனின் சிட்ரோன். அதன் தாய் கம்பெனி ஸ்டெல்லான்டிஸ் கையில் 14 பிராண்டுகள். எட்டுக்கே மூச்சு வாங்கிய ஊரிலிருந்து பார்க்கிறேன். என்னைக் கேட்டால், ஜீப்பையும் ராமையும் பியூஜோவையும் ஃபியட்டையும் தொடமாட்டேன். டிஎஸ்ஸை சிட்ரோனுக்குள் திருப்பி அனுப்புவேன், அங்கேயிருந்து பிரிந்ததுதானே. லான்சியா பல வருடம் இத்தாலியில் மட்டும், ஒரே ஒரு காரோடு காலம் தள்ளியது. அதற்கு விடை கொடுக்கலாம். ஓப்பலும் வாக்ஸ்ஹாலும் ஒரே கார், பிரிட்டனில் பெயர் மட்டும் வேறு. கிறைஸ்லர்தான் கஷ்டம். பக்கத்து ஊர் ஆபர்ன் ஹில்ஸ், தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிறேன். மினிவேனைத் தவிர அந்தப் பெயரில் இப்போது கடையில் ஒன்றும் இல்லை. அதற்கு மட்டும் பேனா ஓட மறுக்கிறது. முன்னே பாசத்தில் தப்புச் செய்தவன் இவன் என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது.

சிட்ரோனை வைப்பேன். ஆனால் திருவள்ளூரில் தொழிற்சாலை இருப்பதால் மட்டும் அது இந்தியாவில் நிலைக்கும் என்று சொல்லமாட்டேன். குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் தொழிற்சாலை வைத்திருந்துதான் செவர்லே 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. எங்கள் அத்தானின் செவர்லே டவேரா இன்னும் மேலூர்ப் பக்கம் ஓடுகிறது, ஒரு கைதேர்ந்த மெக்கானிக் புண்ணியத்தில்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான். "மாப்ள, பிராண்ட் இருக்குமான்னு பாரிஸ்ல இருக்கறவனுக்கே தெரியாது. திருச்சியில யார் பானெட்டைத் திறக்கறாங்கன்னு பாரு. பத்து வருஷம் ஓட்டறதா இருந்தா வாங்கு. மூணு வருஷத்துல விக்கறதா இருந்தா வேண்டாம்."

ஏன் மூன்று வருடம் என்று கேட்டான். 2012-இல் என் சாட்டர்னை விற்ற கதையைச் சொன்னேன். பார்க்க வந்தது ஹைதராபாத்துப் பையன், படிக்க வந்தவன். வண்டியைச் சுற்றி வந்தான், செத்துப்போன கம்பெனி என்று 300 டாலர் குறைத்தான். அப்புறம் கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான். "அங்கிள், இது பிளாஸ்டிக்கா?" என்று இன்னும் 100 குறைத்தான்.

கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருக்கும்.