முதலில் தொட்டார்

2023 ஜூன் 12, திங்கள்

இன்று மாத்திரை தொடங்கியாயிற்று. முதல் நாள் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நர்ஸ் அக்கா கண்முன்னால் விழுங்க வேண்டும். மீதி வீட்டில், தினமும். ஒரு அட்டை நான்கு வாரத்துக்கு வரும். பன்னிரண்டு அட்டை முடிக்க வேண்டும். காசு எதுவும் கிடையாது. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றார். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், மருந்து முடிந்தபிறகு மெல்லத் தெளியும் என்றும் சொன்னார். சிவப்பை யாரும் பார்க்கப் போவதில்லை. முகம் கறுத்தால் எங்கே கொண்டு ஒளிக்க?

நோயின் பெயரை எழுதிவிடுகிறேன். தொழுநோய். வாயால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளின் அப்பாவிடம்கூட டாக்டர்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் துணியில் ரத்தப்பொட்டு. எங்கிருந்து என்று பார்த்தால், ஊசி என் இடது சுண்டுவிரலில் இறங்கி நிற்கிறது. வலியே இல்லை. முழங்கைக்குக் கீழே வெளிறிக் கிடந்த படையைத் தேமல் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் உள்ளங்கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார்கள். கட்டைவிரல் பக்கம் சரியாகக் காட்டினேன். அப்புறம் அடுத்த தொடுதலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். “தொட்டாச்சும்மா, மூணு தடவ தொட்டாச்சு” என்றார் நர்ஸ் அக்கா.

2023 ஜூலை 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து. எங்கள் கோயிலில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்போம். எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. முந்தானையை இடது கையில் சுற்றிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

மாத்திரை தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குத் தொற்றாது என்று டாக்டர் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான மனிதர்களின் உடம்பு இந்தக் கிருமியைத் தானே எதிர்த்துவிடுமாம். கிருமி உள்ளே போய் நோயாகத் தெரிய வருவதற்கே பல வருஷம் ஆகுமாம். எல்லாம் புரிகிறது. ஆனாலும் நாளைக்கு ஊருக்குத் தெரிந்து, “அவ வாய் வச்ச பாத்திரத்துலயா நாம குடிச்சோம்” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? அதை நினைத்தால் கால் எழவில்லை.

2023 ஆகஸ்ட் 12, சனி

பக்கத்து ஊரில் மூன்று நாள் கூட்டம். வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் மைனி, கூப்பிட்டதால் போனேன். பிரசங்கியார் பைபிளில் குஷ்டம் வந்த மிரியாம், கேயாசி, உசியா ராஜா என்று வரிசையாக எடுத்தார். புறணி பேசியதற்குக் குஷ்டம், பேராசைக்குக் குஷ்டம், பெருமைக்குக் குஷ்டம். குஷ்டம் என்றாலே பாவத்தின் அடையாளம் என்று மைக்கில் அழுத்திச் சொன்னார். கூட்டம் ஆமென் என்றது. என் பக்கத்தில் மைனியும் சொன்னார்கள்.

நான் என்ன பாவம் செய்தேன் என்று என் மனம் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டது. வீடு வரும்வரை அது நிற்கவில்லை.

2023 ஆகஸ்ட் 14, திங்கள்

எங்கள் கோயில் ஐயரின் (போதகரின்) மனைவி ஐயரம்மா ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தார்கள். அளவு எடுத்து முடிந்தும் போகவில்லை. “ரெண்டு மாசமா திருவிருந்துக்கு நீ வரல. வீட்டுல எதுவும் சண்டையா?” என்றார்கள். இல்லை என்றேன். அப்புறம் சொல்லிவிட்டேன். முதல்முறையாக என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னேன்.

என் இடது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸாக இருந்தவர்கள், கையைப் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் இந்தக் கைகளுக்காகவே 1940களின் கடைசியில் ஆபரேஷன்கள் தொடங்கினாராம். இந்த நோயில் விரல்கள் அழுகி விழுவதாக உலகமே நம்பிய காலம் அது. அப்படியில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் விரல்கள் போகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினாராம். “அப்போ உனக்கு வேண்டியது தினம் கையைப் பாக்க ஒரு ஆள். உன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு” என்றார்கள்.

பிரசங்கத்தைச் சொல்லி அழுதேன். பைபிளில் யோவான் ஒன்பதை எடுத்து, பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்ன “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்பதை என்னையே வாசிக்க வைத்தார்கள். ஜெபம் சின்னதுதான். போகும்போது மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இரவில் வாசி என்றார்கள்.

வாசித்தேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். அதில் வரும் குஷ்டரோகி தீட்டு, தீட்டு என்று சத்தமிட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்க வேண்டியவன். இயேசு அவனைச் சுத்தமாக்கிவிட்டுத் தொடவில்லை. முதலில் கையை நீட்டித் தொட்டார், அப்புறம்தான் “சுத்தமாகு” என்றார். அந்த நோயோடு இருந்தவனைத்தான் தொட்டிருக்கிறார். கடைசி வசனத்தை இதுவரை நான் கவனித்ததே இல்லை. அவன் எங்கும் போய்ப் பேசினான், இயேசுவோ பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே வனாந்தரத்தில் இருந்தார். வெளியே நின்றவன் உள்ளே போய்விட்டான், அவனுடைய இடத்தில் இவர் போய் நிற்கிறார்.

அந்தப் பிரசங்கியார் பைபிளில் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்வது நியாயமில்லை. கூட்டத்தில் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று ஊழியக்காரர்கள் நினைக்க வேண்டும்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் கையை வீட்டுக்காரர் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். அப்புறம் தேங்காயெண்ணெய். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு எவ்வளவு அசந்து வந்தாலும் விடுவதில்லை. முந்தாநாள் சுண்டுவிரலடியில் ஒரு கொப்புளம். இட்லிச் சட்டி ஆவி பட்டிருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை.

முகம் நன்றாகக் கறுத்துவிட்டது. “ஏன்ளா இப்படிக் கறுத்துட்ட” என்று கேட்காதவர்கள் இல்லை. வெயில் என்கிறேன்.

பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அது இன்னொரு காதுக்கும் போயிருக்கிறது. காப்பி எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. குடிக்க முடியவில்லை. அம்மாவுக்கோ வேறு பயம், அவர் என்னை விட்டுவிடுவாரோ என்று. அந்தக் காலத்தில் இந்த நோயைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்று சட்டமே இருந்ததாம். 2019இல்தான் அதை நீக்கினார்கள், கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திலும் சேர்த்து. அம்மாவிடம் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் டார்ச் அடித்துக் கை பார்ப்பதைச் சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள்.

2023 டிசம்பர் 23, சனி

நேற்றுதான் கரண்ட் வந்தது. ஞாயிறு பிடித்த மழை, ராத்திரி தாமிரபரணி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது என்கிறார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வாழை முழுக்கப் போய்விட்டது. அதை எழுத இப்போது தெம்பில்லை.

கோயில் பக்கத்துப் பள்ளிக்கூட மாடியில் எங்கள் தெரு முழுவதும் கிடந்தோம். பிள்ளைகளின் சர்டிபிகேட், பைபிள், மாத்திரை அட்டை, இதுதான் பையில் எடுத்தது. காலையில் சுவர்ப் பக்கம் திரும்பி மாத்திரை போட்டேன். மைனி பார்த்துவிட்டார்கள். “என்ன மாத்திரைளா அது, தெனமும்?” பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்னேன்.

ரொம்ப நேரம் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மெதுவாக, “எங்க சின்னத்தாத்தாவுக்கும் இருந்துச்சி. தோட்டத்துக் குடிசையில தனியா வச்சிருந்தோம். சோத்துத் தட்ட வாசல்ல வச்சிட்டு நான்தான் ஓடியாருவேன். அவர் பேரச் சொல்லிக் கூப்பிடுவார், நான் திரும்பிப் பாத்ததில்ல” என்றார்கள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அந்தப் பெரியவர் பேரை யாரும் எடுத்ததில்லை. மைனியும் ஒரு வெட்கத்தைச் சுமந்துகொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் படகில் எலுமிச்சம் சாதப் பொட்டலம் வந்தது, இரண்டு பேருக்கு ஒன்று. மைனி பிரித்து நடுவில் வைத்து, “கை வைளா” என்றார்கள். ஒரே இலையில் சாப்பிட்டோம்.

2024 ஜனவரி 30, செவ்வாய்

காந்தி நினைவு நாள், தொழுநோய் ஒழிப்பு நாளும் இதுதான். மகள் பள்ளியில் உறுதிமொழி எடுத்தார்களாம். நோயாளியை ஒதுக்க மாட்டோம் என்று சொல்லும்போது தன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டதாம். அவளுக்கு வெள்ளத்தின்போதே தெரியும். அவளையும் தம்பியையும் முன்பே பரிசோதித்து, தடுப்புக்கு ஒரு வேளை மாத்திரை கொடுத்தாயிற்று.

2024 மார்ச் 28, பெரிய வியாழன்

இன்று திருவிருந்துக்கு எழுந்து போனேன். ஒரு பக்கம் மைனி, ஒரு பக்கம் அவர். முழங்கால்படியிட்டபோது இடது கைதான் கீழே நடுங்கியது. “அவர்கள் அவரை நோக்கிப்பார்த்துப் பிரகாசமடைந்தார்கள், அவர்கள் முகங்கள் வெட்கப்பட்டுப்போகவில்லை” என்ற சங்கீத வசனம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஐயர் எல்லாருக்கும்போல எனக்கும் பாத்திரத்தை நீட்டினார். எனக்குப் பிறகு மைனி குடித்தார்கள்.

2024 மே 18, சனி

கடைசி அட்டை முடிந்தது. சுண்டுவிரல் முழுதாகத் திரும்பவில்லை, இனி திரும்புமா என்று தெரியாது. டார்ச் வெளிச்சமும் எண்ணெயும் தொடரும்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசச் சொல்லி ஐயரம்மா போன மாதமே கேட்டிருந்தார்கள். இன்று பேசினேன். பாதியில் தொண்டை அடைத்தது, மைனி செம்போடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்து பேசினேன். படையைக் காட்டினேன், உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள் என்றேன். கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு இரண்டு பேர் தனித்தனியாக வந்து தங்கள் முதுகையும் தொடையையும் பார்க்கச் சொன்னார்கள். நான் டாக்டரா என்ன? புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். நர்ஸ் அக்காவிடம் போனில் சொல்லிவைத்துவிட்டேன்.