தட்டிப் பார்த்தீர்களா?

பூ கட்டும் அம்மா ஒருவர் முன்கையில் நெல்லிக்காய் அளவுக் கட்டியோடு வந்தார். கொழுப்புக் கட்டி, எடுத்துவிடலாம் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருந்தார்களாம். "வளையல் பட்டாலே விரல் வரைக்கும் ஷாக் அடிக்குது சார்" என்றார். மெல்லத் தட்டினேன், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் சுர்ரென்று ஓடியது. கட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் நகர்கிறது, கையின் நீளவாக்கில் நகரவில்லை. சரி, இது முன்கை வழியாக அந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பில் வந்த கட்டி. நம் ஊரில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்வதால், இது உணர்ச்சியையும் அசைவையும் கடத்துகிற நரம்பு என்று அவருக்குப் புரியவைக்கத்தான் நேரமானது.

எம்ஆர்ஐயில் கட்டியின் இரு முனையிலும் நரம்பு வால் போல நீண்டிருந்தது. இப்படித் தெளிவாகத் தெரிந்தால் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி செய்ய மாட்டேன், நல்ல நரம்பிழையில் ஊசி ஏறிவிடலாம். வேகமாக வளர்கிறது, ராத்திரியில் தூங்கவிடாத வலி, புதிதாகப் பலவீனம் என்றால் கதை வேறு, அங்கே புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும்.

நரம்புக் கட்டிகளில் ஒரு வகை ஷ்வானோமா, நரம்பிழைகளுக்கு உறை போடும் ஷ்வான் செல்களில் பிறப்பது. பெரும்பாலும் இழைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வளரும். தசையைத் தளர்த்தும் மருந்தின் வேகம் நான் கட்டியைத் தொடும்போது இருக்கக்கூடாது என்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவேன், ஏனென்றால் மைக்ரோஸ்கோப்பின் கீழ் சின்ன மின்தூண்டியால் உறையைத் தொட்டுப் பார்த்து, தசை துடிக்காத இடத்தில்தான் நீளவாக்கில் கீற வேண்டும். அப்புறம் பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவது போலக் கட்டி முழுசாக வெளியே வரும். இன்னொரு வகையான நியூரோஃபைப்ரோமா அப்படி வராது, இழைகள் அதன் ஊடாகவே ஓடும், கட்டிய சரத்தில் நாரை அறுக்காமல் பூவை உருவச் சொல்வது மாதிரி. உடம்பில் காபி நிறத் திட்டுகள் இருக்கிறதா என்று எல்லாரிடமும் பார்க்கிறேன், ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் நியூரோஃபைப்ரோமாக்களை வரவைக்கும், 17ஆவது குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இன்னொருவர். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த கட்டியைக் கொழுப்பு என்று நினைத்து எங்கோ அறுத்திருக்கிறார்கள், பரிசோதனை முடிவில் ஷ்வானோமா, கூடவே நரம்பும் வந்திருந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல், செருப்பு நழுவி நழுவி, ஒன்றரை வருடம் கழித்து என்னிடம் வந்தார். அவ்வளவு தாமதமானால் நரம்பு ஒட்டுப் போட்டும் தசை பெரிதாகத் திரும்பாது. வேலை செய்கிற வேறொரு தசைநாரை இடம் மாற்றித் தைத்தேன், நடக்கிறார், ஆனால் பழைய நடை இல்லை. தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஆள்காட்டி விரல் நுனி மரத்திருந்தது, மல்லி மொட்டின் காம்பு விரலுக்குத் தெரியவில்லை என்று அழுதார். இரண்டு மாதத்தில் தெரிய ஆரம்பித்துவிட்டது.