காலை உணவு கிடைத்தது, பதினொன்றரைக்குப் பிறகு யார் பார்ப்பது?

மகளுக்கு மூன்று வயது நிறைந்ததும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூரில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள முன்பள்ளியில் சேர்த்தேன். அரசின் காலை உணவுத் திட்டம் அங்கே நடக்கிறது என்பதுதான் முதற் காரணம். எனக்குக் களுவாஞ்சிகுடியில் தையல் வேலை. விடிந்ததும் வாவியைக் கடந்து குருமன்வெளிக்குப் போகும் பாதை (மிதவைப் படகு) ஏற வேண்டும். பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை பாதை காத்திருக்காது.

முன்பள்ளியும் அரசுப் பாடசாலை போல இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசக் கல்வி பாடசாலையின் முதலாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பில் வந்தாலும், அவற்றை நடத்துபவை பெரும்பாலும் கிராம அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் தேவாலயங்களும்தான். மாதக் கட்டணத்தைப் பெற்றோர் கட்டுகிறோம். அரசின் பணம் பிள்ளையின் தட்டிலும் ஆசிரியையின் கொடுப்பனவிலும் வந்து சேர்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் காலை உணவுக்கான தொகை ஒரு பிள்ளைக்கு 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக உயர்ந்தது. ஆசிரியைகளின் மாதக் கொடுப்பனவில் 1,000 ரூபாய் கூடியது. காலை முழுவதும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் அவர்களுக்கு இது மிகவும் குறைவு என்றே சொல்வேன்.

சேர்ப்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். மகள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிறந்ததால் பதிவும் நகரத்தில்தான் இருந்தது. பிரதி எடுக்க மண்முனை வடக்கு பிரதேச செயலகத்துக்குப் போய்வந்தேன். தாய்மார், குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே சில பிரதிகளைச் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தடுப்பூசி விபரத்துக்குக் கிளினிக் புத்தகம் போதுமானதாக இருந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் உள்ள நிறை வரைபடத்தில் மகளின் கோடு பச்சையிலிருந்து இறங்கிச் செம்மஞ்சளுக்குள் போயிருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷா என்ற சத்துமாவைத் தந்து, "மா மட்டும் போதாது. காலையில் முட்டையோ பயறோ ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போக வேண்டும்" என்றார். ஆசிரியையிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் தன் கொப்பியில் குறித்துக்கொண்டார். பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்த அன்று, முதலில் என் மகளைத்தான் தராசில் நிறுத்தினார்கள்.

சமைப்பவர் எங்களில் ஒரு தாய். ஒரு நாள் கடலையும் தேங்காய்ப்பூவும், ஒரு நாள் பயறு போட்ட சோறு, ஒரு நாள் இலைக்கஞ்சி, ஒரு நாள் முட்டையும் மரக்கறியும். இருபது பிள்ளைகளுக்கு நாளுக்கு 2,000 ரூபாய்தான் கணக்கு. அதற்குள் அரிசி, தேங்காய், விறகு எல்லாம் அடங்க வேண்டும். முதலில் அவர் கைக்காசைப் போட்டுச் சமைக்கிறார், பணம் பின்னால்தான் வருகிறது. கடனுக்குச் சாமான் தரும் கடை ஒன்று ஊரில் இல்லையென்றால் இத்திட்டம் ஒரு மாதம்கூட ஓடாது. வீட்டில் கீரையைத் தொடாத என் பிள்ளை அங்கே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இலைக்கஞ்சியைக் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுகிறாள். அவளுடைய கோடு இப்போது பச்சைக்குத் திரும்பியிருக்கிறது.

ஆனால் பதினொன்றரைக்கு முன்பள்ளி விட்டுவிடும். நான் துறைக்குத் திரும்பும்போது மாலையாகிவிடும். எங்கள் மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணமான பிறகும் தாயின் வளவில்தான் இருக்கிறோம். அதனால் அம்மா பிள்ளையைக் கூட்டிவந்து உறங்க வைக்கிறார். தாயை இழந்த என் தோழிக்கு அந்த வசதி இல்லை. அவள் வயல் வேலையை விட்டுவிட்டாள், வீட்டில் ஒரு வருமானம் நின்றது. அம்மம்மாமாரின் கைகளை நம்பியே அரசு இதுவரை மதியத்துக்குப் பின்னான நேரத்தை விட்டுவைத்திருக்கிறது. அந்தக் கைகளுக்கும் வயதாகிறது.

அதே கட்டடம், அதே பாய்கள், அதே சமையலறை. மூன்று மணிவரை பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவருக்குச் சம்பளமும் ஒரு மதியச் சாப்பாடும் இருந்தால் போதும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன், பெரும்பாலான தாய்மார் கையெழுத்திட்டார்கள். வேலையை விட்ட தோழியும் ஒப்பமிட்டிருக்கிறாள். கடிதத்தைக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்திருக்கிறோம்; அடுத்ததாக மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பப்போகிறோம்.