ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இன்னும் ஆள் இருக்கிறது

டேட்டாவைச் சேமித்துப் புரோகிராம் எழுத உதவும் மென்பொருளான ஃபாக்ஸ்ப்ரோவில், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9தான் கடைசி, பத்தாவது பதிப்பு வராது என்று 2007 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நின்றது. கோயம்புத்தூர், திருப்பூர், கரூர் பக்கம் பில்லிங், வாரச் சம்பளம், நூல் இருப்பு என்று ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். அப்படித் தொடங்கிய குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். சங்கமாகப் பதிவு செய்யவில்லை. சந்தா கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு, தேவைப்பட்டால் தூரத்திலிருந்தே அடுத்தவர் கம்ப்யூட்டரை இயக்க எனிடெஸ்க், அவ்வப்போது யாராவது ஒருவர் ஆபீஸில் சந்திப்பு. இவ்வளவுதான் எங்கள் சொத்து.

இந்தக் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவா என்று சிரிப்பவர்கள் உண்டு. 90களில் இங்கே தெருவுக்குத் தெரு இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களில் டிபேஸும் ஃபாக்ஸ்ப்ரோவும்தான் பாடம். படித்து வந்தவர்கள் பக்கத்து மில்லுக்கும் நகைக்கடைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். 1991இல் ஃபாக்ஸ்ப்ரோ 2.0 உடன் வந்த ரஷ்மோர் என்ற தேடல் நுட்பத்தால், அன்றைய சாதாரண கம்ப்யூட்டரிலேயே டேபிள் என்ற பதிவு ஃபைலில் லட்சம் ரெக்கார்டு, அதாவது லட்சம் வரி, இருந்தாலும் ஒரு பார்ட்டியின் பாக்கி உடனே வந்து நிற்கும். அந்த புரோகிராம்கள் இன்றும் ஓடுகின்றன. ஓடுகிற வரை முதலாளி மாற்றமாட்டார். எழுதியவர்தான் இப்போது சாய்பாபா காலனியில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று விட்டிருந்தோம். ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஏதோ பட்டனை அழுத்தி ஒரு மாத வருகைப் பதிவு முழுக்க டிலீட் ஆகிவிட்டது. ஃபாக்ஸ்ப்ரோவில் டிலீட் என்பது ரெக்கார்டின் மேல் ஓர் அடையாளம் போடுவது மட்டுமே. ரீகால் கட்டளை கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். குழுவில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "டேபிள் கெட்டிருக்கும் சார், பேக் போட்டுப் பாருங்க" என்று எழுதிவிட்டார். பேக் போட்டால் அடையாளமிட்ட ரெக்கார்டெல்லாம் நிரந்தரமாகப் போய்விடும். போச்சு. மில்லில் வருகையைக் கையால் எழுதும் மஸ்டர் புத்தகம் இருந்ததால் திரும்ப உட்கார்ந்து ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு டேட்டா சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து பேரை மட்டும் வைத்தோம். மற்றவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசலாம். அந்த ஐவரின் முதல் பதில் எப்போதும் ஒரு கேள்வி: "காப்பி எடுத்தாச்சா?" எடுத்த ஃபோல்டரின் ஸ்கிரீன்ஷாட் வராமல் அடுத்த வரி வராது. இதைத் திமிர் என்று சொல்லி வெளியேறியவர்கள் உண்டு. நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு அதிகம் வருவது 2091 என்ற பிழைதான். டேபிள் கெட்டுவிட்டது, சரிசெய்த பிறகே திறக்க முடியும் என்று சொல்லும். பெரும்பாலும் ரெக்கார்டு ஏறும் நேரத்தில் கரண்ட் போயிருக்கும். இதற்குக் கடைகளில் பெரிய தொகை கேட்கிறார்கள், ஆனால் வேலை சின்னது. டேபிள் இருக்கும் டிபிஎஃப் ஃபைலின் தொடக்கத்தில், அதைப் பற்றிய விவரம் சொல்லும் ஹெடரில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரையுள்ள பைட்டுகளில் மொத்த ரெக்கார்டு எண்ணிக்கை இருக்கும். 8, 9இல் ஹெடரின் நீளம், 10, 11இல் ஒரு ரெக்கார்டின் நீளம். ஹெடர் 616 பைட், ரெக்கார்டு 120 பைட் என்று வையுங்கள். ஃபைலின் அளவு, கடைசி முடிவுக்குறி ஒரு பைட்டை விட்டுவிட்டு, 60,00,616 என்றால் உள்ளே இருப்பது 50,000 ரெக்கார்டு. ஹெடரோ 50,003 என்று சொல்லிக்கொண்டிருக்கும். கணக்கு இடிக்கிறது, அதனால் ஃபாக்ஸ்ப்ரோ திறக்க மறுக்கிறது. எஃப்ஓப்பன், எஃப்சீக், எஃப்ரைட் என்று மூன்று ஃபங்ஷன்களை வைத்து அந்த நான்கு பைட்டில் சரியான எண்ணை எழுதினால் திறந்துகொள்ளும். இந்தச் சோதனைக்கான டேபிள்வேலிடேட் அமைப்பைப் பூஜ்யமாக்கியும் திறக்கலாம், ஆனால் அது சோதனையை நிறுத்துவதுதான், சரிசெய்வது ஆகாது.

இதைச் செய்யும் சின்ன புரோகிராமை எங்களில் ஒருவர் எழுதினார். அதை அப்படியே குழுவில் போடலாமா என்று பெரிய விவாதம். போட்டால் காப்பி எடுக்காமல் ஓட்டுவார்கள் என்பது ஒரு கட்சி. கடைசியில் புரோகிராமே முதலில் காப்பி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கும்படி மாற்றிப் போட்டோம். எனக்குக் கேட்டால், இத்தனை வருடத்தில் குழு செய்த உருப்படியான காரியங்களில் இதுதான் முதலிடம்.

இன்னொரு தலைவலி விண்டோஸ் 10 வந்த பிறகு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடங்களில், வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் வாரம் தவறாமல் கெட ஆரம்பித்தது. லேன் கேபிள், ஸ்விட்ச், யூபிஎஸ் என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் குற்றம் சொன்னார்கள். கேபிள் மாற்றி வாடிக்கையாளரிடம் பில்லும் வாங்கிவிட்டார்கள் சிலர். பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பக்கத்தில் தற்காலிகக் காப்பியாக (கேஷ்) வைத்துக்கொள்வதுதான் காரணம். சர்வராக இருக்கும் கம்ப்யூட்டரில் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் ஒரே கட்டளையில், அப்படிக் காப்பி வைக்க அனுமதிக்கும் லீசிங் என்ற வசதியை நிறுத்தினால் பெரும்பாலான இடங்களில் அடங்கிவிடுகிறது. ஏற்கெனவே கெட்ட இண்டெக்ஸுக்கு ரீஇண்டெக்ஸ் கட்டளையை நம்பவேண்டாம். அது இண்டெக்ஸ் இருக்கும் சிடிஎக்ஸ் ஃபைலின் குறிப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது, அதுவே கெட்டிருந்தால் என்ன பயன்? பழைய டேகுகளை (அதிலுள்ள ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒரு டேகு) நீக்கிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்.

தொழில்நுட்பம் இந்த அளவுக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆட்கள் விஷயம்தான் பிடிபடுவதில்லை.

கேள்வி கேட்கும் முறைக்கு ஒரு படிவம் வைத்துப் பார்த்தோம்: பதிப்பு எது, பிழை எண் என்ன, சர்வரில் எந்த விண்டோஸ், எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். யாரும் நிரப்பவில்லை. "அவசரமுங்க, பில் போட முடியல, லாரி நிக்குது" என்று வாய்ஸ் நோட்தான் வரும். அப்போது குழுவிலிருந்த ஒரு பெண், ஈரோட்டில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர், நிபுணர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை, வருகிற வாய்ஸ் நோட்டையெல்லாம் கேட்டு, விட்டுப்போனதைத் திருப்பிக் கேட்டு, நான்கு வரியில் எழுதிப் போட ஆரம்பித்தார். பதில் வரும் வேகம் அதற்குப் பிறகுதான் கூடியது. அதில் பாதிக் கேள்விக்கு இப்போது அவரே பதில் சொல்லிவிடுகிறார். ஐவர் ஆறு பேரானது அப்படித்தான்.

யார் அதிகம் உதவுகிறார்கள் என்று மாதாமாதம் பட்டியல் போடும் யோசனையும் வந்தது. அதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பிறருக்கு உதவும் நிபுணர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எம்விபி கௌரவம் 1993இல் தொடங்கியது. அன்றைய ஆன்லைன் சேவையான கம்ப்யூசர்வில் ஃபாக்ஸ்ப்ரோகாரர்களில் அதிகம் எழுதுபவர் யார் என்று கால்வின் சியா என்ற புரோகிராமர் போட்ட பட்டியல்தான் அதற்கு வித்து என்று பரவலாகச் சொல்வார்கள். 1999 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே நிறுத்துகிறோம் என்று அறிவித்து, பில் கேட்ஸ் வரை மின்னஞ்சல்கள் குவிந்து, மூன்றே நாளில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அப்படிப்பட்ட பட்டியல் நமக்கும் இருக்கட்டுமே என்று போட்டோம். என்ன நடந்தது? கேள்வி வந்த நொடியே "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று எழுதி எண்ணிக்கையை ஏற்றினார்கள். யோசித்து எழுதுகிறவர் பட்டியலின் அடியில் கிடந்தார். எடுத்துவிட்டோம். இப்போது பிரச்சினை தீர்ந்தவரே, யார் சொன்னது பலித்தது என்று எழுதுகிறார், அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்த மிகச் சிறந்த ஆள் கரூர்க்காரர், ஓய்வு பெற்றவர். மார்ச் 31 இரவு பத்தரை மணிக்கெல்லாம் அவர் வீட்டுக்குப் போன் போகும். ஒருவர் நேரில் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் சண்டை போடவில்லை, பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் குழுவை விட்டுப் போய்விட்டார். தன்னார்வலர்கள் இப்படித்தான் போகிறார்கள், காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. அப்புறம்தான் வார முறை வந்தது: ஒரு வாரத்துக்கு இருவர், மற்ற நால்வரைத் தொந்தரவு செய்யக்கூடாது, தனிப்பட்ட நம்பரில் கூப்பிட்டால் எடுக்கத் தேவையில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் வரும் கேள்விக்குக் காலையில்தான் பதில். லாரி நின்றால் கையால் பில் எழுதிக்கொள்ளட்டும்.

பில்லை அரசின் தளத்தில் பதிவு செய்யும் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் வந்தபோது இந்த முறையே ஆட்டம் கண்டது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கியது, 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி வரை இறங்கியது. ஐந்து கோடி என்றால் எங்கள் வாடிக்கையாளர்தான். பில்லை ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்பவேண்டும், ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஜேசன் தெரியாது. உலகமெங்கும் உள்ள ஃபாக்ஸ்ப்ரோகாரர்கள் சேர்ந்து நடத்தும் விஎஃப்பிஎக்ஸில் என்எஃப்ஜேசன் என்ற இலவச நிரல் கிடைத்தது. அனுப்பும் வேலைக்கு விண்டோஸிலேயே இருக்கும் வின்எச்டிடிபி போதும். ஆனால் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களில், அதற்குத் தேவையான பாதுகாப்பு இணைப்பு முறையான டிஎல்எஸ் 1.2 தானாக வேலை செய்யாது, அப்டேட் போட்டு ரெஜிஸ்ட்ரியில் திருத்தவேண்டும். மாதிரி புரோகிராம் ஒன்று செய்து எல்லோருக்கும் கொடுத்தோம். சிலர் அதையே தன் பெயர் போட்டு விற்றார்கள். ஆறு பேரில் இருவருக்கு அது பொறுக்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாமும் வேறொருவர் இலவசமாகக் கொடுத்ததை எடுத்துத்தானே செய்தோம்?

நான் விட்டுக்கொடுக்காத ஒன்று வேறு. "ஈஎக்ஸ்ஈ மட்டும் இருக்கு, சோர்ஸ் எடுத்துக் கொடுங்க" என்று வருவார்கள். ஈஎக்ஸ்ஈ என்பது ஓட்டுவதற்கான ஃபைல், சோர்ஸ் என்பது எழுதிய மூல நிரல். ரீஃபாக்ஸ் போன்ற கருவியால் ஃபாக்ஸ்ப்ரோ ஈஎக்ஸ்ஈயைப் பிரித்து மூல நிரலைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். கேட்பவர்களில் உண்மையாகவே எழுதிக் கொடுத்தவர் இறந்துபோய்த் தவிக்கிறவர்களும் உண்டு, அடுத்தவர் பேக்கேஜைக் காப்பி அடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. போனில் இருவரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். அதனால் சோர்ஸ் எடுத்துக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். டேட்டா அவர்களுடையது, டிபிஎஃப் திறந்த வடிவம், அதை வெளியே எடுத்துப் புது புரோகிராமுக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உதவுவோம்.

அப்படி எடுக்கும்போது தமிழ் எழுத்து ஒரு தனி வழக்கு. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை ஃபாக்ஸ்ப்ரோவுக்குக் கிடையாது. சம்பளச் சீட்டில் பெயர் தமிழில் வரவேண்டும் என்று பழைய எழுத்துரு முறைகளில், ஒருவர் பாமினியிலும் இன்னொருவர் டேமிலும் ஏற்றியிருப்பார்கள், சில இடங்களில் ஒரே டேபிளில் இரண்டும் கலந்திருக்கும். மாற்றிக் கொடுக்க ஒரு நிரல் வைத்திருக்கிறோம், கலந்திருப்பதை மட்டும் கண்ணால் பார்த்துப் பிரிக்கவேண்டியிருக்கிறது.

இப்போது குழுவுக்குள் நடக்கும் பெரிய சண்டை, நாம் செய்வது உதவியா, வேறொன்றுக்கு மாறவேண்டியவர்களை மாறவிடாமல் பிடித்து வைப்பதா என்பது. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது, அதை நெருங்கியவர்களிடம் மாறித்தான் ஆகவேண்டும் என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொல்கிறோம். மற்றவர்கள் விஷயத்தில் மூன்றுக்கு மூன்று. நான் ஓடுகிற வரை ஓடட்டும் கட்சி. அடுத்த சந்திப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸில் டேட்டாவை வைத்துக்கொண்டு, திரையை மட்டும் ஃபாக்ஸ்ப்ரோவில் விட்டுவைப்பதை இரண்டையும் இணைக்கும் ஓடிபிசி வழியாகச் செய்துகாட்டப் போகிறார் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். வருகிறவர்கள் லேப்டாப்பும், தங்கள் டேட்டாவின் ஒரு காப்பியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.