அகிலாண்டேஸ்வரிக்கு ஒரு பச்சைப் பட்டு

அண்ணன்கள் இருவரும் பேசிக்கொண்டால் திருவானைக்காவல் அம்பாளுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பாகப்பிரிவினையில் பொதுக்கிணறு யாருக்கு என்று ஆரம்பித்த தகராறு. சாவு வீட்டில்கூட முகம் கொடுக்காதவர்கள், சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் முதலில் பேசியது என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்! புடவைக்கு ஆளுக்குப் பாதி பணம் கொடுத்தார்கள், பச்சைப் பட்டு. அம்மாவுக்கு அதிலேயே பாதிக் கண்ணீர்.

ஆடி வெள்ளியன்றுதான் போயாக வேண்டும் என்று பிடிவாதம். கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! “சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்” என்று தெருவிலிருந்தே ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார். “எம் பொண்ணைப் பார்க்க நடுவுல ஆள் எதுக்குப்பா?” என்று அம்மா கேட்ட பிறகுதான் கழன்றார். வரிசையில் பின்னாலிருந்தவர் விடாமல் முழங்கையால் இடித்தார். சமாதானத்துக்கு நேர்ந்துகொண்டு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

என் மகன் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பைத்தியம், ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கற்பனையில் ஆடும் விளையாட்டு. அதில் அவன் எல்டாத் என்ற தேவதையின் பூசாரியாம். சலனமில்லாத குளத்தில் விழும் அருவிதான் அவளுடைய சின்னம், அமைதிக்கான தெய்வம். அவளைக் கும்பிடுகிறவன் வலியப் போய்ச் சண்டை இழுக்கக் கூடாது என்பதால், பூதம் எதிரே நிற்கும்போதும் இவன் பேசிப் பார்க்கிறானாம், நண்பர்கள் திட்டுகிறார்களாம்.

“தண்ணியும் சாந்தமும்னா அது நம்ம அகிலாதாண்டா” என்றாள் அம்மா.

“இல்ல பாட்டி, எல்டாத்துக்குக் கோபமே வராது.”

“கோபமே வராதவ சாந்தமா இருக்கறது என்னடா பெரிய காரியம்?”

பையன் கப்சிப். எனக்கும் சுருக்கென்றது. அகிலாண்டேஸ்வரியின் உக்கிரம் தாங்காமல்தானே ஆதிசங்கரர் அதைத் தாடங்கங்களில் இறக்கிக் காதில் பூட்டினார்? போதாதென்று எதிரே பிள்ளையாரையும் வைத்தார். கோபத்தை விரட்டவில்லை, அவள் காதிலேயே நகையாகப் பூட்டிவிட்டார். எங்கள் வீட்டிலும் கிணற்றுக் கோபம் எங்கேயும் போய்விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

சன்னதி நெருங்க நெருங்க நெஞ்சு படபடத்தது. முன்னால் இருந்த தலைகள் விலகின. தீபாராதனை வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது தாடங்கம்தான். காது நிறைய, கன்னம் வரை. சுடர் அசைய அசைய அதுவும் மின்னி மின்னி அடங்கியது. அதற்கு நடுவே அந்த முகம். என்னவெல்லாமோ கேட்க வேண்டும் என்று வந்திருந்தேன், ஒன்றும் நினைவில்லை. வழியெல்லாம் ஸ்லோகம் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, புடவையை நீட்டிக்கொண்டு, “வந்துட்டேன்டி” என்றாள். அவ்வளவுதான். நகரச் சொல்லிக் குரல் வந்தது, நகர்ந்துவிட்டோம். எத்தனை நொடி இருக்கும்? தாயே, அது போதும்.

அப்புறம் உச்சிகால பூஜை. அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அம்பாளாகவே மேளதாளத்தோடு சுவாமி சன்னதிக்குக் கிளம்பினார். காவிரி நீரை லிங்கமாகப் பிடித்து வைத்தவள் இன்றும் நாள் தவறாமல் பூஜைக்குப் போகிறாள். கூட்டத்தில் எங்களுக்கு எட்டியது சுவாமி சன்னதியின் ஒன்பது துளைச் சாளரம் வழியே ஒரு பார்வை மட்டும்தான். ஜம்புகேஸ்வரா, அதற்கே கோடி நமஸ்காரம். இடித்தவர், ஒட்டிக்கொண்டவர் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். என் அண்ணன்கள் நன்றாக இருக்கட்டும். கேட்டதைக் கொடுத்தாயே அம்மா, கேட்கத் தெரியாததையும் நீயே பார்த்துக்கொள்.

பிராகாரத்தில் உட்கார்ந்ததும் அம்மா பெரிய அண்ணனுக்கு போன் போட்டாள். சின்னவன்தான் எடுத்தான்! போனை வைத்த கையோடு அடுத்த வேண்டுதலையும் சொல்லிவிட்டாள்: மருமகள்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் பால்குடம். அதை யார் எடுப்பது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.