புக்கிங் விலை பில்லில் நிற்குமா? நீலகிரியிலிருந்து கார் எடுப்பவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், புதுக் கார் என்றால் பேச்சு பெரும்பாலும் கீழே கோவையில்தான் நடக்கிறது. பேசி முடித்துவிட்டு மலையேறி வந்த பிறகு மிச்சமெல்லாம் போனில். "சார், கம்பெனி விலை ஏத்திட்டாங்க, நாங்க என்னங்க பண்ண முடியும்?" என்ற அழைப்பும் அந்தப் போனில்தான் வரும். அதில் எவ்வளவு நியாயம், எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம் என்பது புக்கிங் அன்று கையில் வாங்கிய காகிதத்தைப் பொறுத்தது.

டீலர் பேசிய விலைக்கு நிற்பாரா என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் பதில் பாதிப் பாதி. தன் கையிலிருந்து கொடுக்கும் தள்ளுபடியையும் பொருட்களையும் எழுதிக் கொடுத்த டீலர் அநேகமாக நிற்கிறார். கம்பெனி விலைக்கும் அரசு வரிக்கும் அவர் பொறுப்பேற்க மாட்டார். புக்கிங் ஃபார்மின் பின்பக்கம் பொடி எழுத்தில் "டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. புக்கிங் பணம் வரிசையில் ஓர் இடத்தை மட்டுமே வாங்கித் தருகிறது. விலை உறுதியாவது டாக்ஸ் இன்வாய்ஸ் என்ற இறுதி பில் போடும் நாளில்.

விலைக்குப் பாதுகாப்பு தருவதாகக் கம்பெனியே அறிவித்தால் மட்டும் கதை வேறு. 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் புக்கிங் திறந்தபோது முதல் 25,000 பேருக்கு அறிமுக விலை, அதற்குப் பின் வந்தவர்களுக்கு டெலிவரி நேர விலை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இப்படி அறிவிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பே இல்லாமல் "உங்களுக்கு மட்டும் பழைய விலை" என்று விற்பனையாளர் வாயால் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலை ஏற்றுவது பல கம்பெனிகளின் வழக்கம் என்பதால், டிசம்பரிலோ மார்ச்சிலோ புக் செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகப் பேசி முடிப்பதுதான் பிரச்சினையின் வேர். அதற்குள் மூன்று பேருடைய பணம் இருக்கிறது. எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனியுடையது, ஜி.எஸ்.டி.யும் அதற்குள் அடக்கம். சாலை வரி, பதிவுக் கட்டணம், டி.சி.எஸ். (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) ஆகியவை அரசுடையவை. இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், கூடுதல் வாரண்டி, ஹேண்ட்லிங், பழைய வண்டிக்குத் தரும் விலை, தள்ளுபடியில் டீலரின் பங்கு ஆகியவை டீலர் கையில் இருப்பவை. முதல் இரண்டும் மாறினால் டீலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. மூன்றாவது மாறினால் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அரசு பங்கில் ஒரு பொறி இருக்கிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுள்கால வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லையைத் தாண்டினால் கூடுதலான பகுதிக்கு மட்டும் என்றில்லை, முழு விலைக்கும் புது விகிதம்தான். 9,80,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,27,400. டெலிவரிக்குள் கம்பெனி 25,000 ஏற்றி 10,05,000 ஆக்கினால் வரி 1,80,900. 10 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீத டி.சி.எஸ். 10,050 புதிதாகச் சேரும். 25,000 ரூபாய் விலையேற்றம் உங்கள் கையிலிருந்து 88,550 ரூபாயை எடுத்துவிடும். இன்சூரன்ஸ் ஏறுவது தனி. இதில் டி.சி.எஸ். மட்டும் வருமான வரித் துறையின் பதிவில் உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வேரியன்டுக்கு நீண்ட காத்திருப்பு என்றால், ஒரு படி கீழே உள்ள வேரியன்டையோ ஸ்டாக்கில் இருக்கும் வண்டியையோ யோசிப்பது நல்லது.

வரி குறைந்தால் நன்மை வாங்குபவருக்கு. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியபோது, 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் அல்லது 1500 சி.சி.க்குள் டீசல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. பெரிய வண்டிகளுக்குச் செஸ் இல்லாமல் 40. முன்பே புக் செய்து, அந்தத் தேதிக்குப் பின் பில் போட்டு வண்டி எடுத்தவர்களுக்குப் புது விகிதமே பொருந்தும். "நீங்க பழைய ரேட்ல புக் பண்ணினீங்க" என்று யாராவது சொன்னால் அது செல்லாது. டெலிவரி நேர விலை என்ற அந்த வரி இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும்.

தள்ளுபடியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கம்பெனி தரும் கேஷ் டிஸ்கவுன்ட், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை எல்லாம் மாதாந்திர ஸ்கீம். எந்த மாதம் பில் ஆகிறதோ அந்த மாத ஸ்கீம்தான் கிடைக்கும், புக் செய்த மாதத்தின் ஸ்கீம் கிடைக்காது. 60,000 தள்ளுபடி என்று பேசினால், அதில் கம்பெனியுடையது எவ்வளவு, டீலருடையது எவ்வளவு என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள். மாதம் மாறும்போது கம்பெனி பங்கு போகலாம். டீலர் பங்கு போக எந்தக் காரணமும் கிடையாது. கார்ப்பரேட் சலுகைக்கு என்ன அடையாள அட்டை, எக்ஸ்சேஞ்ச் போனஸுக்குப் பழைய ஆர்.சி. யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். அப்பா பெயரில் பழைய வண்டி, மகள் பெயரில் புது வண்டி என்றால் உறவுச் சான்று கேட்பார்கள். அது இல்லையென்று கடைசி நாளில் போனஸை வெட்டுவது நடக்கிறது.

பழைய வண்டியைக் கொடுப்பவர்கள் மதிப்பீட்டை இரண்டு கட்டமாக விடாதீர்கள். போட்டோ பார்த்துக் கோவையிலிருந்து ஒரு விலை சொல்வார்கள். டெலிவரி நாளில் வண்டியைக் கொண்டு இறக்கியதும், "மலை வண்டி, கிளட்ச் போயிருக்கு, அடியில துரு" என்று குறைப்பார்கள். மலையில் ஓடிய வண்டிக்குக் கிளட்ச்சும் பிரேக்கும் சீக்கிரம் தேய்வது உண்மைதான். அதனால்தான் மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து, கிலோமீட்டரும் தேதியும் குறித்து, இத்தனை நாள் வரை இந்த விலை செல்லும் என்று எழுதித் தந்த பிறகே புக்கிங்கை உறுதி செய்ய வேண்டும்.

புக்கிங் அன்று வாங்க வேண்டிய காகிதத்தில் இவை இருக்கட்டும்: வேரியன்டின் முழுப் பெயர், நிறம், தயாரிப்பு ஆண்டு, அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை, மேலே சொன்ன தள்ளுபடிப் பிரிவு, இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஒவ்வொரு பொருளும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தேதிக்குள் டெலிவரி என்பது. இதை எழுத டீலர்கள் தயங்குவார்கள். "தோராயமாக" என்றாவது ஒரு தேதி வாங்கிவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கையெழுத்து சேல்ஸ் மேனேஜருடையதாக, கடை முத்திரையோடு இருக்க வேண்டும். விற்பனைப் பையன்கள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள், அவர்கள் வாக்குறுதியும் அவர்களோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் பேசியதை அன்று மாலையே டீலரின் அலுவலக மின்னஞ்சலுக்குத் தொகுத்து அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்குங்கள். பணம் டீலர்ஷிப் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். யாருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கடனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். டீலர் முன்கூட்டியே தரும் உத்தேச பில்லான புரொஃபார்மா இன்வாய்ஸில் உள்ள தொகைக்குத்தான் வங்கி கடன் ஒதுக்குகிறது. விலை ஏறினால் வித்தியாசம் முழுதும் உங்கள் மார்ஜினில், அதாவது நீங்கள் கையிலிருந்து போடும் பணத்தில் விழும். காத்திருப்பு நீண்டால் ஒப்புதலின் காலம் முடிந்து மறுபடி ஆவணம் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கடம் ஐப்பசி, கார்த்திகை மழை. தீபாவளி ஸ்கீம் அக்டோபர் கடைசியில் முடியும் நேரத்தில் குன்னூர்-மேட்டுப்பாளையம் பர்லியார் பாதையில் மண் சரிந்து, கோத்தகிரி வழியே சுற்றி இறங்க வேண்டியிருக்கும், சில நாள் அதுவும் நெரிசல். மாதம் முடிந்து போய் நின்றால் ஸ்கீம் போயிருக்கும். பில் போட நீங்கள் நேரில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் வண்டியைப் பார்க்காமல் முழுப் பணமும் அனுப்புவது ஆபத்து. இடைப்பட்ட வழி இது: ஒதுக்கிய வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். வீடியோ அழைப்பில் சேசிஸ் தகடு, ஓடோமீட்டர், டயர் பக்கவாட்டில் உள்ள வாரம்-ஆண்டு எண் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் தெரிய, தயாரிப்பாளர் தரும் சான்றான படிவம் 22-இன் நகலைக் கேளுங்கள். பிறகு ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் அனுப்பி, அன்றே டாக்ஸ் இன்வாய்ஸ் நகலை மின்னஞ்சலில் வாங்குங்கள். "பதிவுக்கு அனுப்பும் முன் நேரில் பார்ப்பேன், அதுவரை பதிவு செய்ய வேண்டாம்" என்று அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பதிவாகிவிட்ட வண்டியை மாற்றித் தர எந்த டீலரும் முன்வர மாட்டார்.

படிவம் 22-ஐ வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோவாவில் 2009-இல் தயாரான, ஏற்கனவே ஓடிய கார் ஒன்றை 2011-இல் புதுசு என்று விற்ற வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. டீலரின் செய்கை தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை, தனி வியாபாரியான டீலரின் தவறுக்கு அவர் பொறுப்பாக மாட்டார் என்பதே அடிப்படை. கம்பெனி கஸ்டமர் கேருக்குப் புகார் எழுதினால் டீலருக்கு அழுத்தம் வரும், எழுதத்தான் வேண்டும். ஆனால் பேசிய விலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டீலர்.

பில்லில் பார்க்க வேண்டியவை: "ஆர்.டி.ஓ. செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டால் பிரித்துக் கேளுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, கடன் இருந்தால் அதை ஆர்.சி.யில் பதியும் ஹைபோதிகேஷன் 1,500. சாலை வரி ரசீது ஆன்லைனில் கிடைக்கும். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று வருபவை கம்பெனி விலைப்பட்டியலில் இல்லாதவை, கொடுக்க மறுக்கலாம். இன்சூரன்ஸில் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாண்டு தேர்டு பார்ட்டி கட்டாயம், அதன் பிரீமியம் எங்கே எடுத்தாலும் ஒன்று. சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜும், கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆனும்தான் ஆளுக்கு ஆள் மாறும். வெளியே ஒரு கோட்டேஷன் வாங்கிக் காட்டினால் பல கடைகள் அந்த விலைக்கு இறங்கி வருகின்றன. ஆக்சசரீஸ் பேக் எடுத்தால்தான் வண்டி, இன்சூரன்ஸ் இங்கே போட்டால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

அப்படியும் பேசிய விலையை மறுத்தால் கையில் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(41), ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டித் தாமதித்து அதனால் விலை ஏறும்படி செய்வதையும், ஒரு பொருளை விற்க இன்னொன்றை வாங்கச் சொல்வதையும் கட்டுப்பாட்டு வணிக முறை என்கிறது. டெலிவரித் தேதியை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான், தேதி இல்லாவிட்டால் தாமதத்தை நிரூபிக்க வழியில்லை. முறை மீறி மற்றவர்களுக்கு டிராக்டரைக் கொடுத்துவிட்டு, காத்திருந்த விவசாயியிடம் ஏறிய விலையைக் கேட்ட வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் விவசாயி பக்கம் நின்றது. ஆகவே விலையேற்றச் சுற்றறிக்கையின் நகல், அது அமலான தேதி, உங்கள் வண்டி கடைக்கு வந்த தேதி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வண்டி அவசரமாக வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிய பின் வித்தியாசத்தைக் கட்டுங்கள்.

முதல் படி 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், செலவில்லை. அங்கே தீராவிட்டால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை கோவையில் என்றாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்க வேண்டாம். செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொடி எழுத்து நிபந்தனையே அநியாயம் என்று ஒப்பந்தத்தை எதிர்ப்பதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். வித்தியாசத்தைத் திரும்பக் கேட்க மாவட்ட ஆணையமே போதும்.

கடைசியாக முகவரி. கோவை உறவினர் முகவரியில் பதிவு செய்தால் ஒரு நாளில் முடியும் என்று கடையில் சொல்வார்கள். ஊட்டி ஆர்.டி.ஓ.வின் டி.என். 43 எண்ணையே கேளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, டி.என். 43-க்கு விலக்கு. தற்காலிக எண்ணோடு ஏற்றி வருவதானால் கல்லார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள், அந்த ஒரு பயணத்துக்கு இ-பாஸை முதல் நாளே எடுத்து, ஆதார் நகலோடு டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள்.