"தொப்பி எங்கடா போச்சு?": சின்ன மைக்குக்கு பேட்டரிப் பெட்டி கட்டிய கதை

என் மாமா தவில் வாசிப்பவர். அம்மாவுக்குக் கடைசித் தம்பி. கடலூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் புறப்பாடு என்று முப்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் வாசித்ததற்கு ஒழுங்கான பதிவு ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் கல்யாண வீடியோக்கள்தான். அவற்றில் மேளம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து வீடியோக்காரர் அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்.

அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று சட்டைப் பையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்றும், அதோடு செருகுகிற குட்டி மைக் ஜோடி ஒன்றும் வாங்கினேன். மைக் ஒவ்வொன்றும் காய்ந்த பட்டாணி அளவுதான் இருக்கும். பெரிய மைக்கையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு சாமி புறப்பாட்டில் நடக்க முடியுமா? கூட்டம் இடித்துத் தள்ளிவிடும். இதுவோ சட்டைக் காலரில் ஒன்று, தோளில் போட்ட துண்டில் ஒன்று என்று குத்திக்கொண்டு போய்விடலாம். நாயனக்காரரிடமும் மாமாவின் ஜோடித் தவில்காரரிடமும் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்கினேன். "எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை.

ஆடி மாதம், மஞ்சக்குப்பத்தில் ஒரு தெருக்கோயில். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில் ஆரம்பித்தார்கள். ரெக்கார்டரில் முள் எப்போதும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். வெடிச் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனில் ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் நாயனம் அருமையாக இருக்கிறது. ஆனால் மாமா தவிலின் வலது பக்கமான வலந்தலையில் கையை வைக்கும்போதெல்லாம் 'பர்ர்' என்று கிழிகிறது. அவரிடமே போட்டுக் காட்டினேன். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டவர், "என்ன மாப்ளே, தோல் கிழிஞ்ச தவிலை வாசிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

சரி, அளவு இன்னும் அதிகம் போலிருக்கிறது என்று அடுத்த வெள்ளிக்கிழமை நன்றாகக் குறைத்து வைத்தேன். இந்த முறை சத்தம் குறைவாகக் கிழிந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளைத் திறந்து அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ரெக்கார்டரில் அளவு மீறினால் அலையின் தலை கட்டத்தின் மேல் விளிம்பில், அதாவது 0 டெசிபலில் போய் முட்டித் தட்டையாக வேண்டும். என் பதிவில் அது கால் உயரத்திலேயே, வாழைத் தாரைச் சீவியது போல வரிசையாக ஒரே மட்டத்தில் தட்டையாகியிருந்தது. மேலே அத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது. அப்படியென்றால் ரெக்கார்டருக்கு வந்து சேர்வதற்கு முன்பே, மைக்குக்குள்ளேயே ஒலி நசுங்கிவிட்டது. ரெக்கார்டரில் நான் எவ்வளவு குறைத்தாலும் நசுங்கியது நசுங்கியதுதான்.

இந்தச் சின்ன மைக்குகள் எலெக்ட்ரெட் வகை. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் கண்டுபிடித்தது. சாதாரணக் கண்டென்சர் மைக்கின் சவ்வுக்கு வெளியிலிருந்து மின்னூட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எலெக்ட்ரெட்டில் அந்த மின்னூட்டம் நிரந்தரமாகவே ஏற்றப்பட்டிருக்கும். அப்புறம் எதற்குப் பேட்டரி என்று எனக்கும் முதலில் புரியவில்லை. சவ்வுக்குப் பின்னால் ஒரு குட்டி எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. சவ்வின் சன்னமான மின் அசைவை வயரில் அனுப்புகிற அளவுக்கு மாற்றிக் கொடுப்பது அதுதான். கரண்ட் கேட்பதும் அதுதான்.

ரெக்கார்டரில் மைக் செருகும் துளையிலேயே இந்தக் கரண்ட் கொஞ்சம் வரும். பிளக்-இன் பவர் என்பார்கள். எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மைக் இல்லாதபோது 2.6 வோல்ட். மைக்கைச் செருகியதும் சடாரென்று 0.7-க்கு இறங்கிவிட்டது! மிச்சம் 1.9 வோல்ட்டை ரெக்கார்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் தின்றுவிடுகிறது. ஒரு வோல்ட்கூட இல்லாமல் அந்த டிரான்சிஸ்டர் என்ன செய்யும்? வீட்டில் பேசுகிற பேச்சுக்கு அது போதும். நாயனத்துக்குக்கூட எப்படியோ சமாளித்துவிட்டது. தவில் அப்படியில்லை. ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி திடீரென்று உயர்ந்து இறங்கும். குனிந்து நுழைகிற ஓட்டு வீட்டுக்குள் நின்று கரகம் ஆடச் சொன்னால் எப்படி? தலை இடிக்கத்தான் செய்யும்.

மைக்கின் விவரத்தாளில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்திய பானாசோனிக் WM-61A என்ற மைக் காப்ஸ்யூலின் தாளில் 2 வோல்ட், 2.2 கிலோ ஓம் என்று தெளிவாகவே இருக்கும். (அது இப்போது உற்பத்தியில் இல்லை.) அந்த அமைப்பில் அளந்த எண்கள் அவை. நம் ரெக்கார்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் வேறாக இருந்தால் கணக்கும் வேறுதான். அதே தாளில் அதிகபட்சம் 10 வோல்ட் தாங்கும் என்றும் இருக்கும். ஆக, 9 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் வேலை முடிந்தது.

கட்ட வேண்டியது என்னவோ சின்னதுதான். ஒரு 9 வோல்ட் பேட்டரி, மைக்குக்கு ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட் ஒன்று, ரெக்கார்டருக்குப் போக ஒரு பின் வயர். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ரெசிஸ்டர் வழியாக மைக்குக்குக் கரண்ட் போகும். மைக்கிலிருந்து ஒலி கெப்பாசிட்டர் வழியாக ரெக்கார்டருக்குப் போகும். கெப்பாசிட்டர் பேட்டரியின் டி.சி.யைத் தடுத்து ஒலியை மட்டும் விடும். ரெசிஸ்டருக்கு 4.7 கிலோ ஓம் என்று முடிவு செய்தேன்.

கடலூரில் நான் போன கடைகளில் டி.வி. ரிமோட் கிடைத்தது, சார்ஜர் கிடைத்தது, சில்லறையாக ரெசிஸ்டர் கேட்டால் ஏற இறங்கப் பார்த்தார்கள். பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போனேன். ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்ததிலிருந்து எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தார். 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் அன்று அவரிடம் இல்லை. "104 போட்டுக்க தம்பி, டி.சி.யைத் தடுக்கணும், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதானே என்று நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டிக்கு உலோகமாக ஏதாவது வேண்டும். கோயிலில் ஜெனரேட்டர், சீரியல் செட் எல்லாம் பக்கத்திலேயே ஓடும். பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் அந்த 'உம்ம்' சத்தம் அப்படியே உள்ளே வந்துவிடும். அம்மாவின் எவர்சில்வர் சம்புடம் கண்ணில் பட்டது. குங்குமத்தை ஒரு காகிதத்தில் கொட்டி வைத்துவிட்டு டிரில்லை எடுத்தேன். எவர்சில்வரில் ஓட்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. டிரில் பிட் மூன்று முறை வழுக்கியது. ஒரு முறை என் கட்டைவிரல் பக்கமாக. ஓட்டையைப் போட்டு முடித்து கிரவுண்டு வயரைச் சம்புடத்தின் சுவரில் ஈயம் வைத்து ஒட்டப் பார்த்தால், ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடுகிறது. எவர்சில்வரில் சாதா ஈயம் பிடிக்காதாம். கடைசியில் ஒரு சின்னத் திருகாணியும் வாஷரும் போட்டு வயரை இறுக்கினேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

முதல் சோதனை மாமா வீட்டுத் திண்ணையில். கிழிசல் சுத்தமாகப் போய்விட்டது! வலந்தலையில் விரல் கூடு படும் 'ணங்' எல்லாம் கண்ணாடி மாதிரி கேட்கிறது. நான் பெருமையாக ஹெட்போனைக் கழற்றி மாமா தலையில் மாட்டினேன். அவர் முகம் மலரவில்லை.

"வலந்தலை சரி. தொப்பி எங்கடா போச்சு?"

தவில் பழக்கமில்லாதவர்களுக்கு: வலது பக்கம் வலந்தலை, விரல்களில் கூடு மாட்டி வாசிப்பது. இடது பக்கம் தொப்பி, குச்சியால் வாசிப்பது, கனத்த ஒலி. அந்தக் கனம் பதிவில் இல்லவே இல்லை. யாரோ அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலிருந்தது. அவர் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை, அவருக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது.

குற்றவாளி அந்த 104-தான். 104 என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட். ரெக்கார்டரின் லைன் இன் துளை (மைக் துளையைவிடப் பலமான சிக்னலுக்கானது) சுமார் 10 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் அது வடிகட்டி எறிந்துவிடுகிறது. தொப்பியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதே இடத்தில் 4.7 மைக்ரோ ஃபாரட் போட்டால் இந்த எல்லை 3, 4 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மனிதக் காதுக்கு எட்டாத ஆழம் அது. சென்னை போன நண்பன் ஒருவனிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தேன். கிடைத்தது எலெக்ட்ரோலைட்டிக் வகை. அதற்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. பாசிட்டிவ் கால் மைக் பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் டி.சி. இருப்பது அந்தப் பக்கம்தான். பெரிய கெப்பாசிட்டர் என்பதால் மைக்கைச் செருகியதும் 'தொம்' என்று ஒரு இடி வரும். செருகிச் சில விநாடி பொறுத்து ரெக்கார்டரை ஓட விட்டால் அது பதிவில் விழாது.

நடுவில் இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். காசு மிச்சம் என்று நினைத்து, யு.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏறுகிற 9 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒலிக்குப் பின்னால் கொசு மாதிரி 'ஙீ' என்று விடாமல் ஒரு சத்தம். அந்த வகைப் பேட்டரிக்குள் இருப்பது உண்மையில் 3.7 வோல்ட் லித்தியம் செல். அதை 9 வோல்ட்டாக உயர்த்த உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொசு அதுதான். கேட்டுப் பார்த்தால், மிச்சம் பிடிக்கவே தேவையில்லையாம். இரண்டு மைக்கும் சேர்ந்து குடிப்பது 0.6 மில்லி ஆம்பியர். சாதாரண ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். எண்ணூறு மணி நேரம் தாராளமாக வரும். ஸ்விட்ச்கூட வைக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினால் கரண்ட் தானாக நின்றுவிடுகிறது.

இப்போது மல்டிமீட்டரில் மைக்கின் மீது 7.8 வோல்ட் நிற்கிறது. முன்பு 0.7. பதிவு செய்யும்போது ரெக்கார்டரின் மெனுவில் பிளக்-இன் பவரை அணைத்துவிட்டு லைன் இன்னுக்கு மாற்றிக்கொள்கிறேன். மேளத்துக்கு அந்த அளவே போதும். வீணை, குரல் மாதிரி சன்னமான கச்சேரி என்றால் லைன் இன்னில் இரைச்சல்தான் மிஞ்சும், அங்கே மைக் இன்னுக்கே திரும்பிவிடுவது நல்லது. பெரிய மிக்சர்களில் வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை மட்டும் இந்தச் சின்ன மைக்குக்கு நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். காப்ஸ்யூலின் பின்பக்கத் தகட்டையே கீறி மூன்று வயர் இழுத்து இன்னும் சத்தம் தாங்க வைக்கும் வழியும் உண்டு. பட்டாணி அளவுப் பொருளைப் பிளேடால் கீறுகிற அளவுக்கு என் கை நிதானம் கிடையாது.

புரட்டாசியில் முதுநகர் பக்கம் ஒரு புறப்பாடு. பந்தலின் சவுக்குக் கழியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மைக்கையும் கட்டிவிட்டு, சம்புடத்தைக் கழியின் அடியில் துண்டில் சுற்றி வைத்தேன். கடல் காற்றுக்கு மைக் தலையில் பஞ்சுத் தொப்பி. மாமாவும் ஜோடித் தவிலும் தனி ஆவர்த்தனத்துக்கு நின்றார்கள். இருபத்தைந்து நிமிஷம்.

மறுநாள் காலை மாமா வீட்டில் காப்பியோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். தொப்பி வந்ததும் தலையை ஆட்டினார். தொடையில் கை தானாகத் தாளம் போட்டது. கடைசிக் கோர்வை நெருங்கும்போது திடீரென்று கை நின்றது. "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"மூணாவது சுத்துல அரை இடம் முந்திட்டேன். பழைய மைக்குல இது தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது மாமா."

"அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு நாயனக்காரருக்கு அனுப்பு" என்றார் மாமா, காப்பி டம்ளரைக் கீழே வைத்தபடி.